‘கூலிங் இருக்கா?’
கரிசல் காட்டில் ஒரு நல்ல பீரைத் தேடி...

சித்திரை வெயில். பகல் பதினொன்றே முக்கால். அருப்புக்கோட்டையை விட்டுக் கிழக்கே கொஞ்ச தூரம் தள்ளி, காட்டை ஒட்டி ஒரு மதுக்கடை. ஷட்டர் இன்னும் தூக்கவில்லை. எதிரே வேலிக்கருவை நிழலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலிக்கருவைக்கு நிழல் என்று ஒன்று கிடையாது, சல்லடையில் வெயிலைச் சலித்துக் கொட்டுவது போலத்தான் இருக்கும். அந்தப் புள்ளி நிழலுக்கே இடம் பிடிக்கப் போட்டி.

கரிமூட்டத்திலிருந்து நேரே வந்த ஒருவருக்கு முழங்கை வரை கருப்பு. தறிக்கு லீவு போட்டுவிட்டு வந்த இருவர். கல்லூரி முடித்துச் சென்னையில் வேலை பார்த்து, கோயில் கொடைக்கு ஊர் வந்த ஒரு பையன்; காதில் வயர்லெஸ் இயர்போன். பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் ஏறியதும் கம்பி வலைக்குள் முதல் கை நுழைகிறது.

“அண்ணே, கூலிங் இருக்கா?”

அடுத்த கையும் அதையே கேட்கிறது, அதற்கடுத்ததும். பெயர் சொல்லிக் கேட்டது அந்தச் சென்னைப் பையன் மட்டும்தான். அவன் கேட்டது இல்லை. “இருக்கறதுல எது ஐஸா இருக்கோ அதக் குடுங்க” என்று அவனும் கடைசியில் ஊர் வழிக்கு வந்துவிட்டான்.

‘நகரத்தில் நல்ல பீர் எங்கே கிடைக்கும்?’ என்பதுதான் இந்தக் கோடையில் இளவட்டங்களின் பேச்சு. பெங்களூரு இந்திரா நகர், புதுச்சேரி கடற்கரை, சென்னை நட்சத்திர ஓட்டல் என்று பட்டியல் போட்டுப் பேசுகிறார்கள். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் போய்ப் பார் என்றார் ஆசிரியர். கேலியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் போன பிறகுதான் தெரிந்தது, இதைக் கேட்க வேண்டிய இடமே இதுதான் என்று.

பார்லி வராத ஊர்

பீர் என்பது முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர். நான்கே சாமான். ஆனால் புதிதாகக் குடித்தால் ஒரு ருசி, ஆறு மாதம் கழித்து வேறொரு ருசி. அதற்கு மூன்று எதிரிகள்: வெப்பம், வெளிச்சம், நாள். சூரிய வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து உடைந்து நாற்றம் எடுக்கும்; பாட்டில் பழுப்பு நிறத்தில் வருவது அதனால்தான். பச்சைப் பாட்டிலைப் பார்த்து ‘ஃபாரின் சரக்கு’ என்று மயங்குபவர்கள் கவனிக்க: வெயில் விஷயத்தில் பழுப்புதான் பாதுகாப்பு.

சென்னை சுற்றுவட்டார ஆலையில் நிரப்பப்பட்ட பாட்டில், லாரி ஏறி, கிடங்கில் இறங்கி, மறுபடி வண்டி ஏறி, நாற்பது டிகிரி காயும் கரிசல் காட்டுக்கு வந்து சேர்கிறது. வழியில் பட்ட வெப்பத்தில் கெட்ட ருசியை, கடைசி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து மீட்க முடியாது. ஆனால் மறைக்க முடியும். நாக்கு மரத்துப் போகும் அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் எந்த பீரும் ஒரே பீர்தான். ‘கூலிங் இருக்கா’ என்ற கேள்வியில் தாகம் பாதி; மீதி, ருசி தெரியாமல் உள்ளே போகட்டும் என்கிற நடைமுறை ஞானம்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’. 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங் என்பது உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் கணக்கு. காசுக்குப் போதை எவ்வளவு என்று பார்க்கும் ஊரில் லைட் பீர் ஓடாது. ‘லைட்டா? அதுக்கு சர்பத் குடிச்சிட்டுப் போகலாம்ல’ என்றார் தறிக்காரர்.

> கணக்குப் போட்டுப் பாருங்கள்
>
> 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 52 மில்லி.
>
> 180 மில்லி குவாட்டர், 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி.
>
> ஆக, இரண்டு ஸ்ட்ராங் பீர் (104 மில்லி) ஒரு குவாட்டரைத் தாண்டிவிடும். ‘நான் பீர் மட்டும்தான்’ என்று வீட்டில் சொல்பவர்கள் இந்தப் பெட்டியை வெட்டி ஒளித்து வைப்பது நல்லது.

கல் கரையுமா?

இந்த வட்டாரத்தில் பீருக்கு ஒரு மருத்துவப் பட்டமும் உண்டு. ‘சிறுநீரகக் கல்லா? ரெண்டு பீர் போடு, கரைஞ்சு போயிரும்.’ திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதை நான் கேட்டது ஒரே காலையில் மூன்று முறை. சொன்ன மூன்று பேரில் ஒருவர், கல்லுக்காக மதுரையில் ஏற்கெனவே ஒருமுறை படுத்து எழுந்தவர்.

ஏன் இப்படி ஒரு நம்பிக்கை இங்கே வேர் பிடித்தது என்பதைப் புரிந்துகொள்ள வெயிலில் ஒரு நாள் நின்றால் போதும். கரிமூட்டம் போடுகிறவர் நெருப்புக்கும் சூரியனுக்கும் நடுவே வேலை செய்கிறார். மூட்டத்துக்கு மண் பூசி, புகை எங்கே கசிகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் கரி சாம்பலாகிவிடும். கையோடு கொண்டுவரும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். குடிக்கிற தண்ணீரே பல கிராமங்களில் உவர்ப்பு. பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும். வியர்வை ஆறாக ஓட, தண்ணீர் போதாமல், சிறுநீர் கெட்டியாகி, உப்புகள் படிகமாகிக் கல் ஆகின்றன.

பீர் குடித்தால் சிறுநீர் நிறையப் போகும். அது உண்மை. ‘பார்த்தியா, போகுதுல்ல’ என்பதுதான் இவர்களுடைய ஆதாரம். ஆனால் ஆல்கஹால், உள்ளே வந்த தண்ணீருக்கு மேலேயும் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிறது. மறுநாள் உடம்பு இன்னும் வறண்டு நிற்கும். பீரில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பொருளும் உண்டு. அந்த வகைக் கல் வருவதற்கே அது வழி. கல்லைக் கரைக்கும் சக்தி எந்த பீருக்கும் கிடையாது. சிறு கல் தானாக இறங்கிவிட்டால் பெயர் பீருக்குப் போகிறது. இறங்காமல் வலி வந்தால் பழி தலைவிதிக்கு.

உடம்புச் சூட்டுக்கு பீர் நல்லது என்பதும் இதே ரகம்தான். தொண்டைக்குக் குளிர்ச்சி, அவ்வளவே. உச்சி வெயிலில் இரண்டு ஸ்ட்ராங் குடித்துவிட்டுத் திரும்ப மூட்டத்தடிக்குப் போகிற மனிதர் வெப்ப மயக்கத்துக்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்.

மதுரை 50 கிலோமீட்டர்

நல்ல பீர் வேண்டும் என்கிற வசதிக்காரர்களுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு வழி உண்டு: நான்கு வழிச் சாலையில் மதுரை. சுமார் 50 கிலோமீட்டர். ஓட்டல் பாரில் ஏசி இருக்கும், கண்ணாடிக் குவளை இருக்கும், விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பாட்டில் என்னவோ பெரும்பாலும் அதே பாட்டில்தான்!

இரவு எப்படித் திரும்புவது என்பதை யாரும் யோசிப்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. நல்ல உடம்புக்காரரைக்கூட ஒரு முழு ஸ்ட்ராங் பீர் அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். ‘நம்ம ரோடுதானேண்ணே, கண்ண மூடிட்டு வந்துருவேன்’ என்று பெருமையாகச் சொன்னார் ஒருவர். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் அதே ரோட்டில்தான் வருகின்றன.

சாலைக்கும் சாராயத்துக்கும் இருக்கும் உறவை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் வெட்டப் பார்த்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது (20,000 பேர் வரை உள்ள ஊர் என்றால் 220 மீட்டர் என்று பிறகு தளர்த்தியது). 2017 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடை சும்மா இருக்குமா? ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் நகர்ந்தது. அந்தக் கோடையில் மாநிலம் முழுக்கப் பெண்கள் விளக்குமாற்றோடு கிளம்பினார்கள். நெடுஞ்சாலை ஓட்டுநருக்குத் தூரமானது, வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பக்கமானது. கடைக்குப் பக்கத்து வரப்பில் உடைந்த பாட்டில் குத்தாமல் களை எடுக்க முடியவில்லை என்று நான் பேசிய அத்தனை பெண்களும் சொன்னார்கள். ‘நல்ல பீர் எங்க கிடைக்கும்னு எழுதுறீகளா? எங்க கிடைக்காதுன்னு எழுதுங்க, அங்க போய்க் குடியிருக்கோம்’ என்றார் ஒரு அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை.

> இந்த மண்ணும் மதுவும்
>
> 1937: ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் முதல் மதுவிலக்கு. வருமான இழப்பைச் சரிக்கட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது.
>
> 1971: கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு தளர்வு. சில ஆண்டுகளில் மீண்டும் தடை.
>
> 1977: அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று எம்.ஜி.ஆர். முதல்வரானார்.
>
> 1981: அவரது ஆட்சியில் கள், சாராயக் கடைகள் திறப்பு. 1983: மொத்த மது விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் நிறுவனம் தொடக்கம். 1987 ஜனவரி 1: கள், சாராயத்துக்குத் தடை. கள்ளுக்கு அன்று போட்ட பூட்டுதான் தொடர்கிறது.
>
> 2003 நவம்பர்: ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம்.
>
> 2023 மே: திருச்சுழி எம்.எல்.ஏ. தங்கம் தென்னரசு நிதியமைச்சரானார். 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய்.

பெட்டியை இன்னொரு முறை படியுங்கள். கள்ளுக்குக் கதவைத் திறந்து பிறகு பூட்டியவரை முதல்வராக்கியது அருப்புக்கோட்டை. மது வருமானம் போய்ச் சேரும் கஜானாச் சாவியை வாங்கியவர் பக்கத்துத் திருச்சுழிக்காரர். வானம் பார்த்த பூமிக்கு மதுவின் வரலாற்றில் இவ்வளவு பங்கு. அந்த வருமானத்தில் ஒரு சொட்டு இந்தக் கண்மாய்களுக்குத் தண்ணீராக வந்ததா என்று கேட்டால், குண்டாற்றைக் காட்டி உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

தொட்டியும் கலயமும்

பெங்களூருவுக்குப் போன நம் பையன்கள் கொண்டாடுவது என்ன? அங்கே 2010-ஐ ஒட்டித் தொடங்கியது, உணவகத்திலேயே பீர் காய்ச்சும் வழக்கம். இந்திரா நகர் ‘டாய்ட்’ போன்ற இடங்களில் தொட்டியில் காய்ச்சியதை அங்கேயே ஊற்றித் தருகிறார்கள். பாட்டில் இல்லை, லாரி இல்லை, மாதக்கணக்கில் கிடங்கு இல்லை. புதுச்சேரியிலும் இந்த வகை வந்துவிட்டது. நல்ல பீர் என்று உலகம் முழுக்கச் சொல்வதன் ரகசியம் இவ்வளவுதான்: காய்ச்சிய இடத்தில், காய்ச்சிய சூட்டோடு இல்லாவிட்டாலும் சில நாளுக்குள், குடி.

இதைக் கேட்டதும் நரிக்குடி பக்கத்துப் பெரியவர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “இதுக்குப் பெங்களூரு போகணுமா? எங்க அய்யா பனை மூட்டுலயே குடிச்சாரு.”

கள்ளைத்தான் சொல்கிறார். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டுகிற இனிப்பு நீர் காற்றிலுள்ள ஈஸ்ட் பட்டு மரத்திலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நான்கைந்து சதவீதம், அதாவது ஒரு லைட் பீர் அளவு ஆல்கஹால். மறுநாள் புளிப்பேறி, காடியாகப் போகிற பாதையில் இருக்கும். லாரியில் ஏற்ற முடியாது, கிடங்கில் வைக்க முடியாது, விளம்பரம் போட்டு விற்க முடியாது. நல்ல பீருக்குச் சொன்ன இலக்கணம் எல்லாம் இதற்கும் பொருந்துகிறது. அதனாலேயே பெரிய முதலாளி எவனும் இதைத் தேடி வரவில்லை.

அருப்புக்கோட்டையே கருப்பட்டி வணிகத்தோடு வளர்ந்த ஊர்தான். தெற்கேயிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏற்றி வந்த வணிகர்கள் பேட்டை அமைத்துத் தங்கிய ஊர்களில் ஒன்று. இன்று பனை இருக்கிறது, ஏற ஆள் இல்லை. செங்கல் சூளைக்குப் போனது போக மிச்சம் நிற்பவற்றில் பாதி, சீவாமல் நிற்கின்றன.

கள்ளுக்கான சண்டை இப்போது சூடாகத்தான் இருக்கிறது. கள் இயக்கத்தின் நல்லசாமி, கள் தடை செய்ய வேண்டிய பொருள் என்று நிரூபித்தால் 10 கோடி ரூபாய் பரிசு என்று அறிவித்து ஆண்டுகள் ஆகின்றன. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கினார். கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. செங்கோட்டை தாண்டினால் சட்டம் மாறிவிடுகிறது. அங்கே நல்லது இங்கே விஷமா என்பது நியாயமான கேள்வி.

எதிர்த்தரப்பையும் தள்ளிவிட முடியாது. பனையடியில் குடித்தால் அது கள். கடைக்கு வந்துவிட்டால் அளவு போதாது; அளவைக் கூட்டத் தண்ணீர், போதையைக் கூட்ட மாத்திரை. 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கள்ளைத் திறந்தால் கள்ளச் சாராயம் ஒழியும் என்பவர்களும், கூடும் என்பவர்களும் இதே கள்ளக்குறிச்சியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். என் கட்சி இது: மரத்தடியில், ஏறியவரே, அன்றன்றைக்கு விற்கட்டும், ஏலம் விட்டுக் குத்தகைக்காரரிடம் கொடுக்கிற கள்ளுக்கடை மட்டும் வேண்டாம்.

கம்பிலும் உண்டு

பார்லி இங்கே விளையாது, சரி. கம்பும் சோளமும் விளைகின்றனவே? தென்னாப்பிரிக்காவில் சோளத்தை முளைகட்டி ‘உம்கோம்போத்தி’ காய்ச்சுகிறார்கள். நமீபியாவில் கம்பில் ‘ஒஷிகுண்டு’. சிக்கிம் பக்கம் கேழ்வரகைப் புளிக்க வைத்து மூங்கில் குவளையில் சுடுநீர் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். கம்பு முதலில் பயிராக்கப்பட்டதே மேற்கு ஆப்பிரிக்காவில்தான். நம்மிடம் வந்து கூழானது, அங்கே பீரும் ஆனது.

நம்மிடம் அந்தக் கலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியை ஆற வைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து எடுக்கும் மது பேசப்படுகிறது. முளைகட்டிய தானியத்தில் புளிக்க வைப்பது, அதாவது பீர்! வீட்டில் காய்ச்சும் ‘தோப்பி’க்கும் அதே பாட்டில் இடமுண்டு. இதுதான் ‘மேல்நாட்டுச் சரக்கு’ என்று நாம் பெயர் வைத்த பொருள்.

மிச்சமிருப்பது கம்பங்கூழ். மாவைப் புளிக்க வைத்து, காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு குடிப்பது. மெலிதான புளிப்பு, போதை இல்லை. கரிமூட்டக்காரரின் மனைவி தூக்குவாளியில் அதைத்தான் கொடுத்து அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் கடை வாசலில் நின்றபோது, வாளி சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடி திறக்கவில்லை.

சரி, எங்கேதான் குடிப்பது?

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. நான் பார்த்தவரை அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் நல்ல பீர் கிடைக்கும் இடம் கிடையாது. கிடைப்பது குளிர்ந்த பீர். மதுரையில் கிடைப்பது குளிர்ந்த பீரும் சோபாவும். காய்ச்சிய இடத்திலேயே குடிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், சட்டம் சொல்லும் வயதும் திரும்பி வர பஸ் டிக்கெட்டும் இருந்தால், புதுச்சேரிக்கோ பெங்களூருவுக்கோ போகலாம்.

இறக்கிய இடத்திலேயே, இறக்கிய சூட்டோடு ஒன்று குடிக்க வேண்டுமென்றால் அதற்கு இங்கேயே வழி இருக்கிறது, சட்டமும் தடுக்காது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அதே பாளை நீர் புளிக்காமல் பதநீராக நிற்கும். மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை, சாலையோரம் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். இரண்டு நுங்கைப் பிதுக்கிப் போடச் சொல்லுங்கள். நாக்கில் லேசாகக் காரம் தட்டினால் சுண்ணாம்பு கூடிவிட்டது, நுரை அதிகம் பொங்கினால் குறைந்துவிட்டது. இரண்டும் இல்லாத கலயத்துக்குக் காலை ஏழு மணிக்கே போக வேண்டும். ஒன்பதுக்கு மேல் போனால் தீர்ந்துவிடும்.